விருந்தில் பேச ஓய்வுபெற்ற ரக்பி வீரர்: 7,500 பவுண்ட் கொடுக்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் ரெடிங் நகர் அருகே ஒரு பொறியியல் நிறுவனத்தில் மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறேன். பிப்ரவரி கடைசியில் ஒரு சனிக்கிழமை இரவு எங்கள் ஆண்டு விருந்து. குடும்பத்தினரையும் சேர்த்து 140 பேர் வருவார்கள். நிர்வாக இயக்குநருக்கு ரக்பி என்றால் உயிர். 2003 உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியிலிருந்து ஒருவரைப் பேச அழைக்கும்படி என்னிடம் சொல்லிவிட்டார். ஓர் ஏஜென்சி 7,500 பவுண்டும், அதற்கு மேல் வாட் வரியும் செலவுகளும் கேட்கிறது. ஊழியர்களில் பாதிப் பேர் தமிழ்நாடு, கேரளம், இலங்கையிலிருந்து வந்தவர்கள். கிரிக்கெட் தெரியும், ரக்பி தெரியாது. இந்தத் தொகை நியாயமானதா? ஏஜென்சியை விட்டுவிட்டு நேரடியாகவே கேட்கலாமா? இவ்வளவு செலவழித்தபின் அரங்கம் கொட்டாவி விட்டால் என் பாடு திண்டாட்டம்.

பதில்: தொகைக்கு வருமுன் தேதியைப் பாருங்கள். இங்கிலாந்து உட்பட ஆறு ஐரோப்பிய அணிகள் மோதும் சிக்ஸ் நேஷன்ஸ் ரக்பி போட்டி பிப்ரவரி தொடக்கத்தில் ஆரம்பித்து மார்ச் நடுவில் முடிகிறது. ஓய்வுபெற்ற சர்வதேச வீரர்களுக்கு அதுதான் அறுவடைக் காலம். தொலைக்காட்சி வர்ணனை, மைதானத்து விருந்தினர் கூடங்கள், ஸ்பான்சர் நிகழ்ச்சிகள் என்று வார இறுதி முழுக்க ஓட்டம். ஆட்டம் இருக்கும் சனிக்கிழமையில் உங்களுக்கு ஒருவர் கிடைத்தாலும், பிற்பகல் முழுக்க இங்கிலாந்து அணியின் ட்விக்கன்ஹாம் மைதானத்தில் இரண்டு மூன்று கூடங்களில் பேசித் தொண்டை கட்டிய பிறகுதான் வருவார். அங்கிருந்து ரெடிங்குக்கு நேர் ரயில் இருக்கிறது. ஆனால் 82,000 பேர் கொள்ளும் மைதானம் கலையும் நேரத்தில் அந்த ரயிலை நம்பி விருந்தை நடத்த முடியாது. போட்டிக்கு நடுவே ஆட்டமில்லாத வார இறுதி ஒன்று வரும். அதற்கு மாற்ற முடியுமா என்று ஹோட்டலைக் கேளுங்கள். வியாழக்கிழமை இரவு இன்னும் நல்லது: பேச்சாளரும் எளிதில் கிடைப்பார், ஹோட்டல் வாடகையும் பெரும்பாலும் குறையும். நவம்பர் சர்வதேச ஆட்டங்களின் போதும் இதே நெருக்கடிதான் என்பதை அடுத்த ஆண்டுக்காகக் குறித்து வையுங்கள்.

இனி தொகை. 2003 அணியில் ஆடிய ஒருவருக்கு 7,500 என்பது சந்தைக்குள் அடங்கும் விலைதான். ஏஜென்சிப் பட்டியல்களில் அந்த அணியினர் பலர் 5,000 முதல் 10,000 வரையிலான வரிசையில் இருப்பார்கள். அணித்தலைவர் மார்ட்டின் ஜான்சன், கடைசி நிமிடத்து உதையால் கோப்பையை வாங்கித் தந்த ஜானி வில்கின்சன் போன்றவர்கள் அதற்கும் மேலே, ஐந்திலக்கத்தில். நாட்டுக்காகச் சில ஆட்டங்களே ஆடி, கிளப் அளவில் நீண்ட காலம் இருந்தவர்கள் 2,000 முதல் 4,000 வரை கேட்பார்கள். மேடையில் இவர்களில் சிலர் கோப்பை வென்றவர்களைவிட நன்றாகப் பேசுவார்கள். அவர்களுக்குப் பெயரை வைத்துக் காலம் தள்ள வழியில்லை, பேச்சைத்தான் தீட்டியாக வேண்டும். விலையை ஏற்றுவது தொலைக்காட்சி முகமும் அணித்தலைமையும். பேச்சுத்திறனுக்கும் விலைக்கும் உள்ள தொடர்பு கொஞ்சம் தளர்வானது.

ஆனால் உங்கள் விஷயத்தில் சந்தை விலையைவிட வரிக் கணக்குதான் முக்கியம். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. ஊழியர்களுக்கான ஆண்டு விருந்துக்குப் பிரிட்டிஷ் வரித்துறை தரும் விலக்கு, தலைக்கு 150 பவுண்ட், வாட் உட்பட. விருந்து ஆண்டுதோறும் நடப்பதாகவும் எல்லா ஊழியருக்கும் பொதுவானதாகவும் இருக்க வேண்டும். 150-ஐ ஒரு பென்னி தாண்டினாலும் அதிகப்படிக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும் வரி விழும். சாப்பாடு, பேச்சாளர், இசை, டாக்சி, அறை எல்லாம் இதில் சேரும். மொத்தச் செலவை வந்திருந்த அனைவராலும், குடும்பத்தினர் உட்பட, வகுக்க வேண்டும்.

ஹோட்டல் தலைக்கு 90 பவுண்ட் என்று வைத்துக்கொள்வோம். 140 பேருக்கு 12,600. பேச்சாளர் 7,500, வாட்டுடன் 9,000. அவருடைய பயணமும் அறையும் 400. இசைக்கும் அலங்காரத்துக்கும் 700. மொத்தம் 22,700, தலைக்கு 162. எல்லை தாண்டிவிட்டது. மனைவியுடன் வரும் ஊழியரின் பெயரில் 324 பவுண்ட் சலுகையாகப் பதிவாகும். அதை ஊழியர் தலையில் கட்டாமல் நிறுவனமே வரித்துறையுடன் தனி உடன்பாடு செய்து செலுத்தலாம். அது இன்னொரு செலவு. அதே விருந்தில் பேச்சாளர் தொகை 6,000 என்றால் தலைக்கு 149 சொச்சம். காகிதத்தில் தப்பிவிட்டீர்கள். ஆனால் பிப்ரவரியில் காய்ச்சல், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று பத்துப் பேராவது வராமல் போவார்கள். ஹோட்டல் அவர்களுக்கும் சேர்த்தே பில் போடும். 130-ஆல் வகுத்தால் 160. 5,000 என்றாலும் 151 ஆகிறது. 4,500-இல் நின்றால் பன்னிரண்டு பேர் வராவிட்டாலும் 149-தான். இது இந்த ஆண்டின் ஒரே விருந்தாக இருந்தால்தான் இந்தக் கணக்கு. கோடையில் பார்பிக்யூ நடத்தி அதற்கும் விலக்கு எடுத்திருந்தால் அதுவும் இந்த 150-க்குள் அடங்க வேண்டும். இந்தத் தாளை இயக்குநர் மேசையில் வையுங்கள். ரக்பியைப் பற்றி அவரோடு வாதாட வேண்டிய அவசியமே வராது.

ஆகவே ஏஜென்சியிடம் “7,500-ஐக் குறைப்பீர்களா” என்று கேட்காதீர்கள். “வாட், பயணம், அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து 5,800 பவுண்ட், இதற்குள் யார் வருவார்?” என்று கேளுங்கள். 4,500-க்கு வாட் சேர்த்தால் 5,400, செலவுக்கு 400. எல்லாம் அடக்கிய விலை கேட்டால்தான் பின்னால் முதல் வகுப்பு டிக்கெட்டும் ஓட்டுநர் கட்டணமும் முளைக்காது. வாட் வரிக்குப் பதிவு செய்யாத பேச்சாளரை நேரடியாக அழைத்தால் அந்த 20 சதவீதம் மிச்சம். வெளிநாட்டில் குடியிருக்கும் முன்னாள் வீரர் என்றால் கட்டணத்தில் வரி பிடிக்க வேண்டியிருக்குமா என்று கையெழுத்திடும் முன்பே கணக்காளரைக் கேட்டுவிடுங்கள்.

நேரடியாக அழைப்பது முடியாத காரியமல்ல. பலருக்குச் சொந்த மேலாளர் உண்டு, பழைய கிளப் வழியாகவும் செய்தி போகும். ஏஜென்சியின் பங்கு பெரும்பாலும் கட்டணத்தில் ஐந்தில் ஒன்று முதல் கால்வாசி வரை இருப்பதால் அது மிச்சமாகும் என்று தோன்றும். பலர் நேரடியாகக் கேட்டாலும் அதே தொகையைத்தான் சொல்வார்கள். விருந்தன்று காலை அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டால் மாற்று ஆளைத் தேடித் தருவது ஏஜென்சி. முதல் தடவை நடத்துகிறவருக்கு அந்தப் பாதுகாப்பு தேவை. ஒன்று மட்டும் கவனம்: ஒரே ஆள் பல ஏஜென்சிகளின் பட்டியலில் இருப்பார். மூன்று ஏஜென்சிகளிடம் ஒரே பெயரை ஒரே வாரத்தில் கேட்டால், அவருடைய மேலாளரின் மேசையில் மூன்று வெவ்வேறு நிறுவனங்கள் கேட்பது போலத் தெரியும். விலை இறங்க வழியே இல்லை. பெயரைச் சொல்லாமல் தேவையை மட்டும் சொல்லி இரண்டு ஏஜென்சிகளைக் கேளுங்கள். பெயர் முடிவானபின் ஒருவரிடம் மட்டும் பேசுங்கள்.

யாரை அழைப்பது என்பதில் இயக்குநரின் ஆசையையும் அரங்கத்தின் தேவையையும் பிரித்துப் பாருங்கள். 2003 பேச்சின் பலமே கேட்பவரின் நினைவுதான். அந்த ஆண்டு நவம்பர் 22 அன்று சிட்னி இறுதியாட்டத்தில் என்ன நடந்தது என்று தெரிந்தவர்களுக்கு ஒரு வரி போதும், சிலிர்த்துவிடும். அன்று மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவருக்கு அந்த வரி ஒன்றும் சொல்லாது. ரக்பி 1995 ஆகஸ்ட் வரை சம்பளமில்லாத ஆட்டம் என்பது இங்கே உங்களுக்கு உதவும். அதற்கு முந்தைய தலைமுறை வேலைக்குப் போய்க்கொண்டே நாட்டுக்கு ஆடியது. இங்கிலாந்துக்காக 49 ட்ரை (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்துப் புள்ளி எடுப்பது) அடித்த ரோரி அண்டர்வுட் விமானப்படை விமானி. சிறுவயதில் சில காலம் மலேசியாவில் வளர்ந்தவர். பிரையன் மூர் வழக்கறிஞர். அடுத்த தலைமுறையில் வேல்ஸின் ஜேமி ராபர்ட்ஸ் ஆடிக்கொண்டே மருத்துவப் பட்டம் வாங்கினார். ஷிப்ட்டையும் தேர்வையும் பயிற்சியையும் எப்படிச் சமாளித்தார்கள் என்று இத்தகையவர்கள் பேசும்போது பொறியாளருக்கு ரக்பி தெரிந்திருக்க வேண்டியதில்லை. பெண்கள் அணியையும் பாருங்கள். வளைந்த பாதத்துடன் பிறந்து, 74 ஆட்டங்கள் ஆடி, 2014 உலகக் கோப்பையை வென்ற மேகி அல்ஃபோன்சி மேடைக்கும் தொலைக்காட்சிக்கும் பழகியவர். 2014, 2025 இரண்டிலும் வென்று ஓய்வுபெற்ற எமிலி ஸ்காரட் இன்னொருவர். இவர்களின் விலை உங்கள் எல்லைக்குள் வருமா என்பதை ஏஜென்சி சொல்லட்டும். நான் சொல்வது எந்த வகை ஆளைத் தேடுவது என்பதற்காகத்தான்.

இயக்குநர் 2003-லேயே உறுதியாக நின்றால், வடிவத்தை மாற்றுங்கள். நின்று பேசும் முப்பது நிமிட உரை வேண்டாம். இருபது நிமிட மேடை உரையாடல், பிறகு பத்து நிமிடம் கேள்விகள். கேள்வி கேட்பவர் இயக்குநராக இருக்கக் கூடாது. ரசிகர் கேட்கும் கேள்வி எப்போதும் பதிலைவிட நீளம். இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு ரக்பி தெரியாது என்று நீங்களாக முடிவு கட்டவும் வேண்டாம்: கொழும்பு ராயலும் கண்டி டிரினிட்டியும் 1945 முதல் பிராட்பி கேடயத்துக்காக மோதிவருகின்றன. பள்ளி நாளில் ரக்பி பார்த்தவர் ஒருவர் உங்கள் அலுவலகத்தில் இருந்தால், கிரிக்கெட் கூட்டத்துக்கு இந்த ஆட்டத்தைப் புரியவைக்க அவரைவிட நல்ல ஆள் கிடையாது. அவரே கேட்கட்டும்.

ஒவ்வொரு மேசையிலும் உள்ளங்கை அளவு அட்டை ஒன்று வையுங்கள். பக்கத்துக்கு 15 பேர், 8 பேர் முன்வரிசை, 7 பேர் பின்வரிசை, 80 நிமிடம். பந்தைக் கையால் முன்னோக்கி எறியக் கூடாது. கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்தால் ட்ரை, 5 புள்ளி; அதைத் தொடரும் உதை 2; பெனால்ட்டி 3; ஆட்டத்துக்கு நடுவே பந்தைத் தரையில் குத்தவிட்டு உதைக்கும் டிராப் கோல் 3. கீழே ஒரே ஒரு கணக்கு: 2003 இறுதியாட்டத்தில் இங்கிலாந்து 20, ஆஸ்திரேலியா 17. இரு அணியும் ஒரு ட்ரை, நான்கு பெனால்ட்டி. வித்தியாசம் கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில் வில்கின்சன் தனக்குப் பழக்கமில்லாத வலது காலால் அடித்த ஒரு டிராப் கோல். கடைசிப் பந்தில் ஜெயித்த மேட்ச் பார்த்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

கையெழுத்துக்கு முன் அந்தப் பேச்சாளரின் வெட்டாத காணொளி பத்து நிமிடமாவது கேட்டு வாங்குங்கள். இரண்டு நிமிட விளம்பரத் துணுக்கில் யாரும் நன்றாகத்தான் பேசுவார்கள். விருந்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு இருபது நிமிடத் தொலைபேசிப் பேச்சு ஒன்று வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அந்தப் பேச்சில் அவர் உங்களிடம் கேள்வி கேட்கிறாரா என்று கவனியுங்கள். யார் வருகிறார்கள், எத்தனை பெண்கள், குடிக்காதவர்கள் உண்டா, இந்த ஆண்டு நிறுவனத்தில் என்ன நடந்தது என்று விசாரிப்பவர் தயார் செய்துகொண்டு வருவார். ஆட்குறைப்பு நடந்திருந்தால் அவசியம் சொல்லிவிடுங்கள். தெரியாமல் “அணியில் யாரையும் கைவிட மாட்டோம்” என்று ஆரம்பித்தால் அரங்கம் உறைந்துபோகும்.

ரக்பி கிளப் விருந்துகளின் நகைச்சுவை ஆண்கள் மட்டும் கூடிக் குடித்த காலத்தில் உருவானது. சுற்றுப்பயணக் கதைகளும் உடை மாற்றும் அறைக் கதைகளும் பலரிடம் இரண்டு பதிப்பாக இருக்கும். எது வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். “குடும்பங்கள் வரும் விருந்து. கெட்ட வார்த்தை, பாலியல் கதை, இனம், மதம், உச்சரிப்பு பற்றிய கேலி வேண்டாம்” என்று எழுத்தில் கொடுங்கள். நல்ல பேச்சாளர் இதற்குக் கோபிக்க மாட்டார், நன்றி சொல்வார். வழக்கு வந்த கதையும் உண்டு. 1990-களில் டெர்பியில் ஒரு ஹோட்டல் விருந்துக்குப் பேச வந்த நகைச்சுவையாளர் பெர்னார்ட் மேனிங், பரிமாறிக்கொண்டிருந்த இரண்டு கறுப்பினப் பெண்களைக் கேலி செய்தார். அவர்கள் ஹோட்டல் நிர்வாகத்தின் மீது வழக்குத் தொடர்ந்து 1996-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் வென்றார்கள். அந்தத் தீர்ப்பின் சட்ட அடிப்படையை 2003-இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை ஏற்கவில்லை. ஆனால் 2024 அக்டோபர் முதல், பாலியல் தொந்தரவு நேராமல் தடுக்க முன்கூட்டியே நியாயமான நடவடிக்கை எடுப்பது முதலாளியின் சட்டக் கடமை. நீங்கள் எழுதிக் கொடுக்கும் அந்த மூன்று வரிதான் உங்கள் நிறுவனம் நடவடிக்கை எடுத்தது என்பதற்குச் சான்று.

இன்னொரு கவனம் மனிதர்மீது. தலையில் பட்ட அடிகளால் நினைவு பாதிக்கப்பட்டதாக முன்னாள் வீரர்கள் பலர் 2020 முதல் ரக்பி நிர்வாக அமைப்புகள் மீது சட்ட நடவடிக்கை எடுத்து வருகிறார்கள். 2003 அணியின் முன்வரிசை வீரர் (ஹூக்கர்) ஸ்டீவ் தாம்சன், அந்தக் கோப்பையை வென்றதே தனக்கு நினைவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர். எனவே “அந்த நிமிடம் எப்படி இருந்தது” என்பது எல்லாருக்கும் எளிய கேள்வியல்ல. கேள்விகளை முன்கூட்டி அனுப்புங்கள். தலைக்காயம் பற்றிப் பேச அவருக்குச் சம்மதமா என்று தொலைபேசியிலேயே கேளுங்கள். அரங்கத்துக் கேள்விகளைத் துண்டுச் சீட்டில் வாங்கித் தேர்ந்தெடுங்கள்; மைக்கைக் கூட்டத்துக்குள் சுற்ற விடாதீர்கள்.

காசு வீணாகும் இடம் பெரும்பாலும் அரங்க அமைப்புதான். நடன மேடையை நடுவில் விட்டுச் சுற்றிலும் மேசை போடுவது ஹோட்டல்களின் வழக்கம். பேச்சாளருக்கும் முதல் மேசைக்கும் நடுவே எட்டு மீட்டர் காலித் தரை இருந்தால் எந்த நகைச்சுவையும் வழியிலேயே விழுந்துவிடும். நடனத் தரையின் மேலேயே மேசைகளைப் போட்டு, பேச்சு முடிந்தபின் இரண்டு மேசைகளை நகர்த்தச் சொல்லுங்கள். மேடை ஓரடி உயரம் போதும். முகத்தில் விளக்கு விழ வேண்டும், அரங்கம் முழு இருட்டாகக் கூடாது. மைக் கையில் பிடிப்பதாக இரண்டு, உதிரி பேட்டரியுடன். சட்டையில் குத்தும் மைக் விருந்துக் கூடத்து ஸ்பீக்கர்களோடு சேர்ந்தால் கீச்சிடும். காதில் மாட்டும் மைக், ஸ்க்ரமில் (இரு அணி முன்வரிசையும் முட்டித் தள்ளும் ஆட்டக் கட்டம்) பல வருடம் நசுங்கித் தடித்த காதுகளில் ஒழுங்காக உட்காராமல் போகலாம். ஒலிச் சோதனைக்கு அவர் விருந்தினர் வருமுன் வந்தாக வேண்டும்.

நேரத்தை இப்படி வையுங்கள்: 6.45-க்கு வரவேற்பு, 7.30-க்கு அமர்வு, 7.40-க்கு முதல் தட்டு, 8.15-க்கு முக்கிய உணவு. விருது வழங்குவதை இனிப்புக்கு முன் 8.50-க்கு முடித்துவிடுங்கள். காபி 9.20-க்கு மேசைக்கு வந்துவிட வேண்டும். ஐந்து நிமிட இடைவேளை, 9.30-க்கு அவர், 10 மணிக்கு முடிவு. பேச்சு நடக்கும்போது தட்டு எடுப்பதும் காபி ஊற்றுவதும் கூடாது, கூடத்துக்குள் இருக்கும் பார் மூடியிருக்க வேண்டும். இதை ஹோட்டலின் விருந்து மேலாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். குலுக்கல் பரிசு, ஏலம் எல்லாம் பேச்சுக்குப் பிறகு. முன்னால் வைத்தால் அரை மணி இழுக்கும், பேச்சாளர் எழும்போது பாதிப் பேர் கோட்டைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஒப்பந்தத்தில் முன்பணம் பெரும்பாலும் பாதி, மீதி விருந்துக்கு முன்பே. நீங்கள் ரத்து செய்தால் எத்தனை நாளுக்கு முன் எவ்வளவு இழப்பு என்பது இருக்கும். கடைசி 30 நாளில் முழுத் தொகையும் போய்விடும் என்பது சாதாரணம். அவர் பக்கம் ஒரு வரி ஒளிந்திருக்கும்: “தொழில்சார் கடமைகளுக்கு உட்பட்டு.” தொலைக்காட்சி அழைத்தால் உங்களைக் கைவிடலாம் என்று பொருள். கடைசி ஆறு வாரத்துக்குள் அது செல்லாது என்று திருத்தக் கேளுங்கள். மாற்றுப் பேச்சாளரை நீங்கள் ஏற்கவோ, மறுத்துப் பணத்தைத் திரும்பப் பெறவோ உரிமை இருக்க வேண்டும். எத்தனை மணிக்கு வருவார், எத்தனை மணிவரை இருப்பார், மேசை மேசையாகச் செல்வாரா, விருதுகளைக் கையால் கொடுப்பாரா, படம் எடுக்க எத்தனை நிமிடம், கையெழுத்திட்ட பந்து அவர் கொண்டுவருவாரா நீங்கள் வாங்குவதா, எல்லாம் வரிவரியாக வேண்டும். எழுதாதது கிடைக்காது. பேச்சைப் பதிவு செய்து நிறுவன இணையதளத்தில் போடுவதற்குத் தனி அனுமதி, சில சமயம் தனிக் கட்டணம்.

அந்த டிராப் கோல் காட்சியைத் திரையில் போட இயக்குநர் நிச்சயம் ஆசைப்படுவார். யூடியூபிலிருந்து இறக்கிப் போடக் கூடாது. உலகக் கோப்பைக் காட்சிகளின் உரிமை வேர்ல்ட் ரக்பி அமைப்பிடம், உரிமம் வாங்கப் பணமும் வாரங்களும் ஆகும். அழைப்பிதழில் இங்கிலாந்து அணியின் சிவப்பு ரோஜாவும் வேண்டாம், அது இங்கிலாந்து ரக்பி நிர்வாக அமைப்பான ஆர்.எஃப்.யூ.வின் பதிவுசெய்த முத்திரை. ஹோட்டலுக்குப் பி.பி.எல். பி.ஆர்.எஸ். இசை உரிமம் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் இருக்கும்.

இயக்குநரைப் பேச்சாளருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வையுங்கள். இரண்டு மணி நேரம் அவர் கேட்க நினைத்ததெல்லாம் அங்கேயே கேட்டுக்கொள்வார், மேடை மற்ற 139 பேருக்கு மிஞ்சும். இந்த வாரம் ஏஜென்சிக்குப் போக வேண்டிய மின்னஞ்சலில் மாற்றுத் தேதிகள் இரண்டு, அடக்க விலை 5,800, உரையாடல் வடிவம், குடும்ப விருந்து என்ற குறிப்பு, முழுக் காணொளி வேண்டும் என்ற கோரிக்கை ஆகிய ஐந்தும் இருக்கட்டும். ஹோட்டல் இறுதி எண்ணிக்கை கேட்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு வருகையை மறுபடி உறுதிசெய்யுங்கள். வராதவர்களை அன்றே கழித்துவிட்டால் 150 பவுண்ட் கணக்கு நிற்கும்.